ஒரு தீக்குச்சி வித்தியாசம்

கண்ணாடிக் கடை வேலை என்பது, ஒருவர் முகத்தை அவரைப் பெற்றவளுக்கு அடுத்தபடியாக மிகக் கிட்டத்தில் பார்க்கிற வேலை. மூக்கின் மேல் இரண்டு சிவந்த தடமும் காதுக்குப் பின்னால் ஒரு புண்ணுமாக அலைகிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து பட்டதை நான் இந்தப் பக்கம் இருந்து பட்டேன், அவ்வளவுதான்.

எழுபதுகளின் தொடக்கத்தில், தேனி கடைவீதியில் தங்கையா அண்ணாச்சியின் கண்ணாடிக் கடையில் சேர்ந்தேன். எனக்கு இருந்த தகுதி இரண்டு. ஒன்று, பதினொன்றாம் வகுப்புத் தேர்ச்சி. இன்னொன்று, பெண்ணாகப் பிறந்தது. கண்ணாடி வாங்க வருகிற பெண்கள், அண்ணாச்சி காதுப் பக்கம் கையைக் கொண்டு போனதுமே தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். "அளவெடுக்க ஒரு பொம்பளப் பிள்ள இல்லேன்னா பாதிச் சனம் பார்வை இல்லாமயே போயிரும்" என்று அவர் என் அப்பாவிடம் வந்து கேட்டார். அப்படித்தான் பழனிசெட்டிபட்டியிலிருந்து தினமும் பாலம் தாண்டி நடந்து வர ஆரம்பித்தேன்.

கடையில் மூன்று பேர். முன்னால் அண்ணாச்சி, நடுவில் நான், பின்கட்டில் லென்ஸ் தேய்க்கிற சாக்கோ சேட்டன். சேட்டன் குமுளிக்கு அந்தப் பக்கத்துக்காரர், தமிழைத் தன் இஷ்டத்துக்குப் பேசுவார். கூட்டம் இல்லாத மத்தியானங்களில் கம்பம் பக்கமிருந்து காற்று வரும், கூடவே கண்ணுக்குத் தெரியாத சாரல். நான் சோதனை லென்ஸ் ஒன்றைக் கண்ணில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்ப்பேன். வாழைத்தார் வண்டி ஒரு பச்சைச் சொட்டாக நகரும். சேலைகள் தண்ணீரில் விழுந்த சாயம் மாதிரி கரைந்து போகும். யாருக்கும் மூக்கு இருக்காது, முழி இருக்காது, கறுப்பு சிவப்பு என்று ஆளைப் பிரிக்கவும் முடியாது. லென்ஸை எடுத்ததும் எல்லாரும் அவரவர் முகத்துக்குத் திரும்பிவிடுவார்கள். "மோளே, சொப்பனம் மதி, ஆளு வந்தாச்சு" என்பார் சேட்டன், கனவு கண்டது போதும் என்று.

ரசமட்டம்

போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரி. மீசையின் இரண்டு முனையும் அளந்து நறுக்கினது போல இருக்கும். கண்ணாடியை மாட்டி அனுப்பினபோது எல்லாம் நேராகத்தான் இருந்தது. நாலு நாள் கழித்து மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். மேசை மேல் கண்ணாடியை விரித்து வைத்தார். பைக்குள்ளிருந்து கொத்தனார் வைத்துப் பார்க்கிற ரசமட்டத்தை எடுத்து, கண்ணாடிக்கு மேலே வைத்தார். உள்ளே இருந்த குமிழி ஒரு பக்கமாக ஓடிப்போய் நின்றது. "பாத்தீகளா? கோணக் கண்ணாடியக் குடுத்து அனுப்பியிருக்கீக" என்றார்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். வேறு வழி இல்லை. "அய்யா, உங்க எடது காது வலது காத விட ஒரு தீக்குச்சி கனத்துக்கு எறக்கம். அதுக்குத் தக்கன ஒரு கம்பிய வளச்சு விட்டேன். மேசையில கோணலா இருந்தாத்தான் முகத்துல நேரா நிக்கும்" என்றேன். அவர் முகம் செத்துப்போனது. ஐம்பது வருஷமாகத் தன் காது இரண்டும் ஒரே மட்டத்தில் இருப்பதாக நம்பி வந்தவர். சுவரில் இருந்த நிலைக்கண்ணாடி முன்னால் போய் நின்று தலையை இப்படிச் சாய்த்தார், அப்படிச் சாய்த்தார். கடைசியில் மனைவி பக்கம் திரும்பி, "நீ சொல்லு, என் காது எறக்கமாவா இருக்கு?" என்று கேட்டார். அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "பொண்ணு பாக்க வந்தன்னிக்கே பாத்துட்டேன். கேட்டாத்தான சொல்றதுக்கு!"

ஸ்பெஷல் நிறம்

லோயர் கேம்பில் ஒரு பட்டறையில் வேலை பார்த்த பரமன் என்பவருக்கு, இரும்பு தேய்க்கும்போது துகள் தெறித்து ஒரு கண் போய்விட்டது. புண் ஆறியதும் பொய்க்கண் வைத்துக்கொள்ளச் சொல்லி டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். அண்ணாச்சி சென்னைக்கு எழுதிப்போட, ஒரு பெட்டி வந்தது. திறந்தால், பஞ்சு மெத்தை மேல் வரிசையாகப் பன்னிரண்டு கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. நீலம், சாம்பல், பச்சை, தேன் நிறம். கறுப்பு ஒன்றுகூட இல்லை. வெள்ளை விழியும் பால் மாதிரி இருந்தது. வெயிலில் கிடந்து வேலை செய்கிறவர்களுக்கு அப்படியா இருக்கும்? கொஞ்சம் மஞ்சளும் பழுப்பும் ஓடியிருக்கும். கூட வந்த கடிதத்தை அண்ணாச்சி வாசித்துச் சொன்னார்: அனுப்பியிருப்பது நார்மல் நிறங்கள், கறுப்பு வேண்டுமானால் ஸ்பெஷல் ஆர்டர், மூன்று மாதம் ஆகும்.

அந்த மூன்று மாதமும் பரமன் ஒரு கூலிங் கிளாஸோடு நடமாடினார். ஸ்பெஷல் கண் வந்து சேர்ந்து, நன்றாகப் பொருந்தவும் செய்தது. ஆனால் எனக்கு மறக்காதது அந்த முதல் நாள்தான். பெட்டியிலிருந்து ஒரு நீலக் கண்ணை எடுத்து, சன்னல் வெளிச்சத்தில் தன் முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். வருத்தப்படுவார் என்று நினைத்தேன், சிரித்தார். பிள்ளையைப் படுக்க வைப்பது போல அதைத் திரும்பப் பஞ்சில் வைத்துவிட்டுக் கேட்டார்: "இந்த மலைக்கும் அந்த மலைக்கும் நடுவுல இருக்கது பூராம் கறுப்புக் கண்ணுதான். அப்ப நாம எல்லாரும் ஸ்பெஷலாத்தா?"

அட்டைச் சீமாட்டி

பிரேம் கம்பெனிக்காரர்கள் விளம்பரத்துக்கு ஓர் ஆள் உயர அட்டை அனுப்பியிருந்தார்கள். பொன் முடி, வெள்ளைத்தோல், வரப்பு வெட்டினது போல மூக்கு, அதன் மேல் ஒரு கண்ணாடி. வாசலில் நிறுத்தி வைத்தோம். வருகிற பெண்கள் எல்லாம் அவளைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். "அந்தம்மா போட்டிருக்கதையே குடுங்க." அந்த பிரேம் அந்த மூக்குக்குச் செய்தது. நம்ம மூக்கில் வைத்தால், கொஞ்ச நேரம் தயங்கி நின்று, பிறகு வாய் வரைக்கும் இறங்கி வரும். சூட்டு மணலில் அதைக் காட்டி, இளக்கி, மூக்குப் பாகத்தை அகட்டுவது என் வேலை. எத்தனை மூக்குக்காக அப்படி அகட்டியிருப்பேன்! ஒரு நாளாவது, பிரேம் தப்பு என்று எனக்குத் தோன்றியதில்லை. நம்ம மூக்குத்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டே அகட்டுவேன்.

சின்னமனூர்ப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த வீட்டு அம்மா ஒருவர் அதையேதான் கேட்டார். பவர் அதிகம். ஒரு மணி நேரம் பாடுபட்டு மாட்டிவிட்டேன். நிலைக்கண்ணாடியில் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். தடித்த லென்ஸுக்குப் பின்னால் அவர் கண் மிளகு மாதிரி சிறுத்துத் தெரிந்தது. "என் மூஞ்சிக்குக் கண்ணாடி சேரலத்தா" என்று எழுந்தவர், போகிற போக்கில் அட்டைக்காரியின் முகத்துக்குக் கிட்டத்தில் போய் நின்றார். புதுப் பார்வை அல்லவா, ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு விரலை வைத்துக் காட்டினார். தினமும் துடைத்து வைக்கிற எனக்கு அதுவரை தெரியவில்லை. சேட்டனும் வந்து குனிந்து பார்த்து, "ஓ, லென்ஸ் இல்லா!" என்றார். படத்தில் இருந்தது வெறும் பிரேம். அந்த அம்மா என் முகத்தையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கண்ணு நல்லாருக்கவுகளுக்குத்தான் கண்ணாடி அழகா இருக்கும்போல!"

சவரியம்மா

ராயப்பன்பட்டியிலிருந்து ஒரு தம்பி தன் அக்காவைக் கூட்டி வந்திருந்தார். சவரியம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். சின்ன வயதில் அம்மை போட்டு முகமெல்லாம் குழி. கிட்டப்பார்வை மிக மோசம், முழங்கைக்கு அப்பால் எல்லாமே புகை. அப்படியேதான் நாற்பது வருஷமும் சமைத்து, தண்ணீர் தூக்கி, கோயிலுக்குப் போய் வந்திருக்கிறார். கல்யாணம் ஆகவில்லை. கலெக்டர் ஆபீஸ் மனு மாதிரி வருஷக்கணக்காகத் தள்ளிப்போட்டு, ஒரு வழியாகக் கூட்டி வந்ததாகத் தம்பி சொன்னார்.

டாக்டர் சீட்டுப்படி சோதனை பிரேமில் ஒவ்வொரு லென்ஸாகப் போட்டேன். பத்தாவது பவரில் அவர் பேச்சை நிறுத்தினார். வாசலுக்குக் கூட்டிப்போனேன். சாரல் விட்டிருந்த நேரம். எதிர்க்கடை ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது, ஒவ்வொரு சொட்டையும் அவர் தலையால் எண்ணினார். அதற்கு மேலே மேற்கு மலை. "அதுல கோடு கோடா இருக்கே, அது என்ன?" என்றார். மரங்கள் என்றேன். "அம்புட்டுமா?" என்றவர், ரொம்ப நேரம் அங்கனயே நின்றார். பஸ் வந்தது, போனது. அவர் நகரவில்லை. என் கவலையெல்லாம் வேறு. உள்ளே திரும்பினால் ஆள் உயர நிலைக்கண்ணாடி. அவர் தன் முகத்தை இதுவரை முழுசாக, தெளிவாகப் பார்த்திருக்க மாட்டார். நான் மெதுவாக முன்னால் போய் அதை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"தள்ளுத்தா" என்றார். தள்ளி நின்றேன். தன் முகத்துக்கு எதிரே போய், கையை எடுத்துக் கன்னத்தில் வைத்தார். ஒரு குழியைத் தொட்டார், பக்கத்துக் குழியைத் தொட்டார். தம்பி தலையைக் குனிந்துகொண்டார். அண்ணாச்சி பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்தார். சவரியம்மா எங்களைத் திரும்பிப் பார்த்து, நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார்: "இம்புட்டுத்தானா? இதுக்கா இத்தன வருசமா எல்லாரும் வேற எங்கயோ பாத்துக்கிட்டு எங்கிட்டப் பேசுனாக?"

இரண்டு மில்லிமீட்டர்

ஊரார் முகத்தை எல்லாம் அளந்த எனக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் இடம் நிறம் போதாது என்றது. இரண்டாவது இடம் போட்டோவைத் திருப்பி அனுப்பி, "பொண்ணுக்கு ஒரு கண்ணு சின்னதாத் தெரியுது" என்று சொல்லிவிட்டது. மறுநாள் கடையில் யாரும் இல்லாத நேரம், அளவுகோலை எடுத்துக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் நின்றேன். மூக்கின் நடுவிலிருந்து இடது கண்மணிக்கு முப்பத்திரண்டு. வலதுக்கு முப்பது. இரண்டு மில்லிமீட்டர். வருகிறவர்களிடம் எல்லாம் "இது எல்லாருக்கும் உள்ளதுதான்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவள், அன்றைக்கு லென்ஸை வைத்துத் தெருவைக்கூடப் பார்க்கவில்லை. மேசையில் தலை வைத்துப் படுத்துவிட்டேன்.

ஒரு மாதம் போயிருக்கும். உத்தமபாளையத்தில் பஸ் கம்பெனி டைம்கீப்பர் என்று ஒருவர் கண்ணாடி வேண்டும் என்று வந்தார். எழுத்து அட்டையைக் கீழ்வரி வரைக்கும் கடகடவென்று வாசித்துவிட்டார். "உங்களுக்குக் கண்ணாடி வேண்டாம்" என்றேன். "இருக்கட்டும், அளவு மட்டுமாவது எடுங்க" என்று உட்கார்ந்தே இருந்தார். எடுத்தேன். ஒரு பக்கம் முப்பத்தொன்று, ஒரு பக்கம் முப்பத்துமூன்று, மூக்கு வேறு லேசாக வலது பக்கம் சாய்வு. அதையும் மறைக்காமல் சொன்னேன். அவருக்குக் காது வரைக்கும் சிவந்தது. அப்புறம்தான் தெரிந்தது, என் போட்டோ மூன்றாவதாகப் போனது அவர் வீட்டுக்கு. அடுத்த தையில் எங்களுக்குக் கல்யாணம் ஆயிற்று. அன்றைக்கு நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டே அவர் சொன்னதை இப்போதும் எப்போதாவது சொல்லச் சொல்லிக் கேட்பேன்: "போட்டோவுல ஒரு கண்ணு சின்னதுன்னு வீட்ல சொன்னாக. நேர்ல பாத்துட்டுப் போவோம்னு வந்தேன். நீங்க அளவெடுக்கையில எந்தக் கண்ணுன்னு பாக்க மறந்துபோச்சு."

வேலம்மாவின் கை

கம்பத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பள்ளிக்கூடத்தில் கண்புரை முகாம் நடக்கும். ஆபரேஷன் முடிந்து சில வாரம் கழித்துக் கண்ணாடி மாட்டிவிடும் நாளுக்கு அண்ணாச்சி என்னை அனுப்புவார். வேலம்மாவை அங்கேதான் தெரியும். மலைமேல் ஏலத்தோட்டத்தில் களையெடுக்கிறவர், அடிவாரத்தில் குடிசை. நல்ல கறுப்பு, ஒல்லி, கையில் ஒரு பித்தளைக் காப்பு. ஊரே பயந்து நின்றபோது முதல் ஆளாக வந்து ஒரு கண்ணைச் சரிசெய்துகொண்டவர். அடுத்த வருஷம் மறு கண்ணுக்கு வந்தபோது, குடிசை குடிசையாகப் பேசி ஒரு லாரி நிறைய ஆட்களையும் இறக்கிக் கொண்டுவந்திருந்தார். "பயப்படாதீக, ஏங்கண்ணப் பாருங்க" என்பதுதான் அவர் பிரசங்கம் முழுக்க.

அந்த வருஷம் கண்ணாடி மாட்டும் நாளில் சென்னையிலிருந்து ஒரு வாரப் பத்திரிகைக்காரர்கள் வந்திருந்தார்கள். எழுதுகிறவர் ஒருவர், படம் எடுக்கிறவர் ஒருவர். வேலம்மா ஒரு மணி நேரம் பேசினார். நான் அவர் காதில் கம்பியை மாட்டிவிட்டதையும் படம் எடுத்தார்கள். அப்போது தேக்கடிக்கு ஆனை பார்க்கப் போய்க்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாவின் கார், பள்ளிக்கூட வாசலில் டயர் பஞ்சராகி நின்றது. பாவம், நல்ல மாதிரி. சக்கரம் மாட்டுகிற வரைக்கும் உள்ளே வந்து எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். எழுதுகிறவர் ஓடிப்போய் ஒரு கண்ணாடியை அவர் கையில் கொடுத்து, வேலம்மாவுக்கு மாட்டிவிடுவது போல நிற்கச் சொன்னார். சக்கரம் மாட்டியாயிற்று, அந்த அம்மா போய்விட்டார்.

பத்திரிகை வந்த அன்று வேலம்மா முதல் பஸ்ஸில் தேனிக்கு வந்து இறங்கினார். பக்கத்தை விரித்துக் கொடுத்தேன். பெரிய படம். நடுவில் அந்த வெள்ளைக்கார அம்மா. ஓரத்தில் வேலம்மாவின் கொண்டையும் ஒரு கையும். கீழே, "மலைவாழ் ஏழைகளுக்கு ஒளி தந்த அயல்நாட்டு அன்னை" என்று எழுத்து. உள்ளே தேடித் தேடி வாசித்தேன். வேலம்மா பெயர் இல்லை, "ஒரு மூதாட்டி" என்று ஓர் இடத்தில் இருந்தது. அவர் காகிதத்தைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். கோபமே இல்லாமல், தொலைந்த சாமானைக் கேட்பது போலத்தான் கேட்டார்: "கை என் கைதான், காப்பு இருக்குல்ல. முகம் எங்கத்தா போச்சு?"

அச்சில் விழாதது

அதோடு முடிந்திருந்தால் ஒரு வருத்தத்தோடு போயிருக்கும். அடுத்த முகாமுக்கு ஆள் கூப்பிட வேலம்மா மலை ஏறியபோது சனங்கள் வர மறுத்துவிட்டார்கள். யாரோ பத்திரிகையை மேலே கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். "வெள்ளைக்காரம்மால்ல கண்ணு குடுக்குது. அது எப்ப வருதோ அப்ப வாரோம். நீ யாரு நடுவுல?" என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டு கண்ணும் புரை மூடிக் கிடந்தவர்கள், இல்லாத ஒருவருக்காகக் காத்திருக்கத் தொடங்கிவிட்டார்கள். வேலம்மா கடையில் வந்து உட்கார்ந்து, கையால் முழங்காலைத் தடவிக்கொண்டே இதைச் சொன்னார். "புரை முத்திப்போனா அப்புறம் யாரு வந்தும் ஆகாதுன்னு டாக்டரய்யா சொன்னாகளே" என்றார்.

அண்ணாச்சி காகிதம் எடுத்துக் கொடுக்க, நடந்ததை நடந்தபடி பத்திரிகைக்கு எழுதினேன். டயர் பஞ்சரானதையும் விடவில்லை. மூன்று வாரம் கழித்து மறுமொழி வந்தது. மரியாதையான கடிதம். வேலம்மாவின் படங்கள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன, ஆனால் கறுத்த முகம் அச்சில் சரியாக விழாது, மை அப்பிவிடும், இது முழுக்கத் தொழில்நுட்பக் காரணம் என்று எழுதியிருந்தார்கள். அண்ணாச்சி, "மெசின் அப்படின்னா யாரு என்ன செய்ய?" என்று கடிதத்தை மடித்தார். சேட்டன் பின்கட்டிலிருந்து ஈரக்கையோடு வந்தார். அதே இதழைப் புரட்டி, தேக்கடியைப் பற்றின பக்கத்தை எங்கள் முன்னால் விரித்தார். கண் இமை ரோமம் வரைக்கும் துல்லியமாக, பக்கம் முழுக்க ஒரு கொம்பன் ஆனை. சேட்டன் கேட்டார்: "ஆனை எந்தா, வெளுப்போ?"

தபாலில் வந்தது

மறுபடி எழுதினேன். இந்தத் தடவை படம் எடுத்தவரின் பெயருக்கு. ஆனையைப் பற்றிச் சேட்டன் கேட்டதை அப்படியே எழுதினேன், வேறொன்றும் எழுதவில்லை. பதில் வராது என்றுதான் நினைத்தேன். ஒரு வாரத்தில் தடித்த உறை ஒன்று வந்தது. உள்ளே அட்டைக்கு நடுவில் ஒரு பெரிய படம். நான் கம்பியை மாட்டிவிடுகிற நொடி. வேலம்மாவின் முகம் முழுசாக இருந்தது. தடித்த லென்ஸுக்குப் பின்னால் இரண்டு கண்ணும் ஊரையே பார்க்கிற மாதிரி பெரிதாகத் திறந்திருந்தன. கன்னத்துச் சுருக்கம் ஒவ்வொன்றும் தெரிந்தது. மை எங்கும் அப்பவில்லை. கூட இரண்டு வரி: "நான் எடுத்தது இதுதான். தேர்வு என் கையில் இல்லை. மன்னிக்கச் சொல்லுங்கள்."

வேலம்மா வாழ்நாளில் அதற்கு முன் படம் எடுத்துக்கொண்டதில்லை. பார்த்ததும் சிரிப்பார் என்று நினைத்தேன். வெட்கப்பட்டுப் படத்தைக் கவிழ்த்து வைத்தார். பிறகு மெதுவாக எடுத்துப் பார்த்தார். "கண்ணாடி கோணலா இருக்கேத்தா" என்றார். மாட்டும்போது எடுத்தது, அப்படித்தான் இருக்கும் என்றேன். முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு மலை ஏறப் போய்விட்டார். அதற்குப் பிறகு பல நாள் எந்தச் சேதியும் இல்லை.

முகாம் அன்று காலை அந்தப் பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மலையை விட்டு மேகம் இறங்கி ரோடு வரைக்கும் வந்திருந்தது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. நல்ல பார்வை உள்ள எனக்கே எல்லாம் புகை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து முதலில் காப்புச் சத்தம் வந்தது. அப்புறம் வேலம்மா வந்தார், படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு. அவர் தோளில் ஒரு கை. அந்தக் கைக்காரர் தோளில் இன்னொரு கை. அவருக்குப் பின்னால் இன்னொருவர். ஒருவர் பின் ஒருவராக மேகத்துக்குள்ளிருந்து வந்துகொண்டே இருந்தார்கள், வரிசை எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. நான் எண்ணவில்லை. யாரும் எண்ணவில்லை. பார்த்துக்கொண்டு நின்றோம்.

வரிசையில் கடைசியாக வந்த பெரியவருக்கு இரண்டு கண்ணும் பால் கட்டியது போல வெளுத்திருந்தன. பெஞ்சில் உட்கார வைத்து, "அந்தப் படத்தப் பாத்துட்டா தாத்தா வந்தீக?" என்று கேட்டேன். குரல் வந்த பக்கமாக முகத்தைத் திருப்பினார். "எனக்கு எங்கத்தா தெரியும்? வெறும் வெள்ளையாத்தான் இருந்துச்சு. கட்டு அவுத்ததும் மொதல்ல அவ மூஞ்சியத்தான் பாக்கணும்னு சொல்லி வச்சிருக்கேன்."

அந்தக் கடையில் நான் இருந்த பதினாலு வருஷத்தில் இரண்டு பக்கமும் சமமான முகம் ஒன்றுகூட என் அளவுகோலுக்குச் சிக்கவில்லை, சிக்கியிருந்தால் எனக்கு அங்கே வேலையே இருந்திருக்காது.